சார்பின் மதிப்பு தவறாக வருகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரு கணித மென்பொருளில் சார்பை எழுதி, மாறிக்கு ஓர் எண்ணைக் கொடுத்து, மதிப்பைக் கேட்கிறீர்கள். எண் வருவதற்குப் பதிலாக நீங்கள் எழுதிய கோவையே அப்படியே திரும்பி வருகிறது. அல்லது எண் வருகிறது, ஆனால் நம்பும்படியாக இல்லை. இந்த இடத்தில் பலரும் உடனே துல்லியத்தை ஏற்றிப் பார்ப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மென்பொருளில்தான் கோளாறு என்று முடிவுகட்டிவிடுவார்கள். இரண்டுமே பெரும்பாலும் நேரத்தை விழுங்கும் வழிகள். மேத்தமேட்டிகா, மேப்பிள், மேட்லாப், பைத்தானின் சிம்பை, நம்பை என எதை எடுத்தாலும், தன்னிடம் வந்து சேர்ந்த கேள்விக்கு அது அநேகமாகச் சரியாகத்தான் விடை சொல்கிறது. நாம் கேட்க நினைத்த கேள்வி வேறாகவும் அதனிடம் போய்ச் சேர்ந்த கேள்வி வேறாகவும் இருப்பதில்தான் சிக்கல். எனவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும் நான் தேடச் சொல்வது ஒன்றைத்தான்: உண்மையில் போய்ச் சேர்ந்த கேள்வி எது?

தேடத் தொடங்குமுன் இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள். வரைபடம், தொகையீடு, சமன்பாட்டுத் தீர்வு போன்ற மேல்கட்டுமானங்களை எல்லாம் விலக்கிவிட்டு, தவறு தெரியும் ஒரே ஒரு புள்ளியில் சார்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு அந்த மதிப்பை 17 பொருளுறு இலக்கங்களோடு அச்சிடுங்கள். இரட்டைத் துல்லிய எண் (கணினி வழக்கமாக எண்களைச் சேமிக்கும் 64 பிட் வடிவம்) ஒன்றைச் சந்தேகமின்றி அடையாளம் காண 17 இலக்கங்கள் போதும். மேட்லாப் வழக்கமாகப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும். அந்த நான்கைப் பார்த்துவிட்டு "இரண்டும் சமம்தானே, ஏன் ஒப்பீடு பொய் என்கிறது?" என்று குழம்புவது அடிக்கடி நடக்கிறது.

அறிகுறி: எண் வரவில்லை, கோவையே திரும்பி வருகிறது

கோவைக்குள் மதிப்பில்லாத பெயர் ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது. அதை உற்றுப் பார்த்துத் தேட வேண்டாம், மென்பொருளிடமே கேளுங்கள். சிம்பையில் 'ஃப்ரீ சிம்பல்ஸ்', மேப்பிளில் 'இன்டெட்ஸ்', மேட்லாபில் 'சிம்வார்' ஆகியவை கோவையில் இன்னும் எந்தெந்த மாறிகள் விடுபடாமல் இருக்கின்றன என்று பட்டியலிட்டுக் கொடுத்துவிடும். பட்டியலில் நீங்கள் எதிர்பார்க்காத பெயர் இருந்தால் குற்றவாளி அதுதான்.

கண்ணை ஏமாற்றும் வகை ஒன்றும் உண்டு. மேப்பிளில் பை என்னும் மாறிலியைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுத வேண்டும். சிறிய எழுத்தில் எழுதினாலும் திரையில் அதே கிரேக்க எழுத்துதான் தோன்றும். ஆனால் அது வெறும் பெயர், அதற்கு 3.14159 என்ற மதிப்பு கிடையாது. அதனால் சைன் பை என்பதன் எண் மதிப்பைக் கேட்டால் 'சைன் பை' என்றே திரும்பி வரும். இயல் மடக்கையின் அடிமானமும் அப்படித்தான். மேப்பிளில் அதற்கென்று தனி எழுத்து கிடையாது, எக்ஸ்ப்(1) என்றுதான் எழுத வேண்டும். மேத்தமேட்டிகாவில் உள்ளமைந்த சார்புகளின் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்கும், மாறி சதுர அடைப்புக்குறிக்குள் வர வேண்டும். சாதாரண அடைப்புக்குறி போட்டால் அதைப் பெருக்கலாக எடுத்துக்கொள்ளும்.

அறிகுறி: ஒரு புள்ளியில் சரியாக வருகிறது, வரையும்போதோ தொகையிடும்போதோ பிழைச் செய்தி வருகிறது

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். குறியீட்டுக் கணித மென்பொருளில் மிக அதிகமாகத் தடுமாற வைப்பது இந்த அறிகுறிதான்.

உங்கள் சார்புக்குள் "க பூஜ்ஜியத்தைவிடச் சிறியதானால் இது, இல்லையென்றால் அது" என்று ஒரு கிளை இருக்கிறது என்று வையுங்கள். க = 2 என்று நேராகக் கொடுத்தால் வேலை செய்கிறது. வரைபடக் கட்டளைக்குள் வைத்தால், இந்த உறவு மெய்யா பொய்யா என்று தீர்மானிக்க முடியவில்லை என்று மேப்பிள் மறுக்கிறது. சிம்பையும் ஏறக்குறைய அதே வார்த்தைகளில் மறுக்கும். காரணம் வரிசைதான். வரைபடக் கட்டளை தன் புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, அடைப்புக்குறிக்குள் இருக்கும் சார்பு ஒருமுறை கணக்கிடப்பட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் க என்பது எண்ணாக இல்லை, க என்ற எழுத்தாகவே இருக்கிறது. ஓர் எழுத்து பூஜ்ஜியத்தைவிடச் சிறியதா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

செய்தி வந்தால் உண்மையில் நல்லதுதான். செய்தியே இல்லாமல் தவறான விடை வருவது இதைவிட மோசம். மேத்தமேட்டிகாவில் 'வைல்' சுழல், நிபந்தனை 'மெய்' என்று திட்டவட்டமாக வந்தால் மட்டுமே ஓடும். மெய்யா பொய்யா என்று தெரியாத நிலையிலும் நின்றுவிடும். நியூட்டன் முறையில் மூலம் காணும் ஒரு சார்பை நீங்கள் சுழல் போட்டு எழுதியிருந்தால், அதற்கு எண்ணுக்குப் பதில் எழுத்து போய்ச் சேரும்போது சுழல் ஒருமுறைகூடச் சுற்றாது. நீங்கள் கொடுத்த தொடக்க ஊகம் அப்படியே விடையாக வெளியே வரும். தொகையீட்டுக் கட்டளை அந்த ஊகத்தைத் தொகையிட்டு, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அழகான ஓர் எண்ணைக் கொடுக்கும். பிழைச் செய்தி வராததாலேயே விடை சரி என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சரிசெய்யும் வழி, எண் வரும்வரை கணக்கீட்டைத் தள்ளிப்போடுவது. மேப்பிளில் சார்பை ஒற்றை மேற்கோள் குறிக்குள் வைக்கலாம், அல்லது மாறியைச் சொல்லாமல் சார்பின் பெயரையும் எல்லைகளையும் மட்டும் கொடுக்கலாம். மேத்தமேட்டிகாவில் சார்பை வரையறுக்கும் இடத்திலேயே, வருவது எண்ணாக இருந்தால் மட்டும் கணக்கிடு என்ற 'நியூமெரிக்-க்யூ' சோதனையை மாறியோடு ஒட்டிவிடுங்கள். சிம்பையில் கிளைகளை 'பீஸ்வைஸ்' கொண்டு எழுதுங்கள், அல்லது 'லேம்டிஃபை' மூலம் எண்சார்பாக மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. மேத்தமேட்டிகாவில் வகையீட்டை வரைபடக் கட்டளைக்குள்ளேயே எழுதினால், மாறிக்கு எண் புகுந்த பிறகு வகையிடச் சொன்னதாகிவிடும். 0.1 ஒரு செல்லத்தக்க மாறி அல்ல என்பது போன்ற செய்தி வந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அங்கே கணக்கீட்டை முன்கூட்டியே செய்ய 'இவால்யுவேட்' என்று சுற்றிவிட வேண்டும். எப்போது எண் புகுகிறது என்ற ஒரே கேள்விக்கு இரண்டு திசையிலும் விடை தேடுகிறோம்.

அறிகுறி: பூஜ்ஜியம் வர வேண்டிய இடத்தில் 1.2246 × 10⁻¹⁶ வருகிறது

சைன் பை கேட்டால் பெரும்பாலான இரட்டைத் துல்லிய மென்பொருள்களில் வருவது இந்த எண்தான். இதில் பிழை ஏதும் இல்லை. இரட்டைத் துல்லியத்தில் ஓர் எண்ணின் பொருளுறு இலக்கங்களுக்கு 53 பிட்டுகள்தான் இடம். பையின் மதிப்பு அதற்குள் அடங்காது. சேமிக்கப்படும் எண், உண்மையான பையைவிட 1.2246 × 10⁻¹⁶ குறைவு. பைக்கு மிக அருகில் சைனின் மதிப்பு ஏறக்குறைய அந்தக் குறைவுக்குச் சமம். ஆக, கணினி தனக்குக் கொடுக்கப்பட்ட எண்ணின் சைனை மிகச் சரியாகவே சொல்லியிருக்கிறது. டேன் பை/2 முடிவிலிக்குப் பதிலாக 1.633 × 10¹⁶ என்று வருவதற்கும் இதே காரணம்.

இப்படிப்பட்ட எச்சங்களைத் துடைக்க மேத்தமேட்டிகாவில் 'சாப்' இருக்கிறது; 10⁻¹⁰-க்குக் கீழுள்ள தோராய எண்களைப் பூஜ்ஜியமாக்கிவிடும். விடையைக் காட்டும் கடைசி வரியில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். கணக்கின் நடுவில் போட்டால், உண்மையிலேயே 10⁻¹² அளவில் இருக்கும் ஒரு பௌதிக அளவு சத்தமில்லாமல் செத்துப்போகும்.

இதன் உறவினர் ஒருவர்: 20 இலக்கம் கேட்டபோது, கூடுதலாக 50 இலக்கம் எடுத்தும் வேண்டிய துல்லியத்தை எட்ட முடியவில்லை என்று மேத்தமேட்டிகா எச்சரிப்பது. √2 + √3 − √(5 + 2√6) என்ற கோவையைக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை இலக்கம் எடுத்தாலும் எல்லாமே கழிந்துபோகும், ஏனென்றால் அதன் மதிப்பு சரியாகப் பூஜ்ஜியம். இந்த எச்சரிக்கை வந்தால் இலக்க வரம்பை உயர்த்துவதற்கு முன், கோவையைச் சுருக்கிப் பூஜ்ஜியமா என்று சோதியுங்கள்.

அறிகுறி: விடை வருகிறது, ஆனால் மாறி சிறியதாகச் சிறியதாகக் கெட்டுப்போகிறது

(1 − காஸ் க) / க² என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். க பூஜ்ஜியத்தை நெருங்கும்போது மதிப்பு 0.5-ஐ நெருங்க வேண்டும். க = 10⁻⁴ என்று கொடுத்தால் 0.49999999 வரை சரியாக இருக்கும், அதற்கு அடுத்த இலக்கங்கள் பிசகிவிடும். க = 1.2 × 10⁻⁸ என்று கொடுங்கள்: 0.771 வரும். க = 10⁻⁸ என்று கொடுங்கள்: பூஜ்ஜியம் வரும்.

ஒரு புள்ளியை நெருங்கிப் பார்ப்போம். க = 10⁻⁸ எனும்போது காஸ் க-வின் உண்மை மதிப்பு 1-ஐவிட 5 × 10⁻¹⁷ குறைவு. 1-க்குக் கீழே இரட்டைத் துல்லியத்தில் இருக்கும் அடுத்த எண்ணோ 1.11 × 10⁻¹⁶ தள்ளி இருக்கிறது. நமது மதிப்பு அந்த இடைவெளியில் பாதி தூரம்கூடப் போகவில்லை, அதனால் 1 என்றே முழுமையாக்கப்படுகிறது. 1-இலிருந்து 1-ஐக் கழித்தால் மிச்சம் ஏது? 1.2 × 10⁻⁸-இல் குறைவு 7.2 × 10⁻¹⁷. அது பாதியைத் தாண்டிவிட்டதால் ஒரு முழு இடைவெளி தள்ளிப் போய் உட்கார்கிறது. 1.11-ஐ 1.44-ஆல் வகுத்தால் அந்த 0.771. காஸ் சார்பிலும் குற்றமில்லை, கழித்தலிலும் குற்றமில்லை. கழித்தல் புதிதாகத் தவறு எதையும் செய்யவில்லை. காஸ் கணக்கிடும்போதே தொலைந்துபோன தகவல் கழித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆகவே மருந்து, கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிக்காதபடி சூத்திரத்தை மாற்றி எழுதுவது. 1 − காஸ் க என்பது 2 சைன்²(க/2)-க்குச் சமம். அப்படி எழுதினால் 10⁻⁸-இல் 0.5 கிடைக்கும். நேரமும் அதே, இரட்டைத் துல்லியமும் அதே. வேறுபாடு எழுதிய விதத்தில் மட்டும்தான்.

எக்ஸ்ப்(க) − 1 என்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. க = 10⁻¹⁵ எனும்போது 1.11 × 10⁻¹⁵ வரும். பதினொரு சதவீதப் பிழை. இதற்காகவே பைத்தான், நம்பை, மேட்லாப் ஆகியவற்றில் 'எக்ஸ்ப்-எம்-ஒன்', 'லாக்-ஒன்-பி' என்ற இரண்டு சார்புகள் தயாராக இருக்கின்றன. வட்டி, நிகழ்தகவு, வெப்பப் பரவல் என எங்கெல்லாம் சிறிய மாற்றங்களைக் கணக்கிடுகிறோமோ அங்கெல்லாம் இவை வேண்டும். இவ்வளவு பயனுள்ள இரண்டு சார்புகளை இத்தனை பேர் அறியாமலே இருப்பது எனக்கு உண்மையான வருத்தம்.

பள்ளியில் படித்த இருபடிச் சூத்திரமும் தப்பாது. க² − 10⁸க + 1 = 0 என்பதன் சிறிய மூலம் ஏறத்தாழ 10⁻⁸. சூத்திரத்தை அப்படியே போட்டால் 7.45 × 10⁻⁹ வரும், கால் பங்கு தவறு. பெரிய மூலத்தை முதலில் கண்டுபிடியுங்கள். அதில் கூட்டல்தான் இருக்கிறது, ஆபத்து இல்லை. மூலங்களின் பெருக்கற்பலன் 1 என்பதால், 1-ஐப் பெரிய மூலத்தால் வகுத்தால் சிறியது முழுத் துல்லியத்தோடு கிடைத்துவிடும்.

தொடரைக் கூட்டிச் சார்பை நீங்களே கணக்கிடுகிறீர்கள் என்றால், இடையில் வரும் மிகப் பெரிய உறுப்பைப் பாருங்கள். எக்ஸ்ப்(−20)-ஐ டெய்லர் தொடரால் கூட்டினால் மிகப் பெரிய உறுப்பு 4.3 × 10⁷. அந்த அளவில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலான இடைவெளி 7.45 × 10⁻⁹. விடையோ 2.06 × 10⁻⁹. அளவுகோலில் உள்ள மிகச் சிறிய கோட்டைவிட அளக்க வேண்டிய பொருள் சிறியது. எக்ஸ்ப்(20)-ஐக் கூட்டி, தலைகீழாக்குங்கள்.

அறிகுறி: வரைபடம் முள் முள்ளாகத் தெரிகிறது

(க − 1)⁷-ஐ விரித்து எழுதி, 1-க்கு அருகே 0.01 தூரத்துக்குள் வரைந்தால் வழவழப்பான கோட்டுக்குப் பதில் முட்புதர் தெரியும். விரிவில் 35 அளவிலான உறுப்புகள் உள்ளன. 35-க்கு அருகே எண்களின் இடைவெளியே 7.1 × 10⁻¹⁵, ஆனால் வரைய வேண்டிய உயரம் அதிகபட்சம் 10⁻¹⁴. காரணம் முந்தைய பகுதியில் சொன்னதுதான். பெருக்கி விரிக்காமல் காரணிகளாகவே வைத்திருங்கள். கோவையை விரித்துக் கொடுக்கும் கட்டளைகளை எண் கணக்கீட்டுக்கு முன் கூசாமல் பயன்படுத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அறிகுறி: துல்லியத்தை 50 இலக்கமாக ஏற்றியும் விடை மாறவில்லை

உள்ளே வந்த எண்ணே 16 இலக்கத்தோடு வந்திருக்கும். பைத்தானின் அதிதுல்லிய நூலகமான எம்பிமேத்தில் 0.1 என்பதை எண்ணாகக் கொடுத்தால், அது பைத்தானின் இரட்டைத் துல்லிய எண்ணாக மாறிய பிறகே எம்பிமேத்திடம் போய்ச் சேர்கிறது. 30 இலக்கத்துக்கு அச்சிட்டால் 0.100000000000000005551… என்று தெரியும். மேற்கோளுக்குள் சரமாகக் கொடுங்கள், அல்லது 1/10 என்று பின்னமாக. மேத்தமேட்டிகாவில் இன்னும் கவனம் தேவை: கோவை முழுவதும் அதிதுல்லிய எண்களாக இருந்து ஓரிடத்தில் மட்டும் சாதாரண 0.1 இருந்தாலும், விடை சாதாரணத் துல்லியத்துக்கு இறங்கிவிடும். பாலில் விழுந்த துளி மோர்போல. மேப்பிளில் 0.1 தசமமாகவே சேமிக்கப்படுவதால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அங்கே வழக்கமான துல்லியம் 10 இலக்கம் மட்டுமே என்பதை மறக்கக் கூடாது.

துல்லியத்தை ஏற்றியும் விடை மாறவில்லை என்றால் விடை சரியாகத்தான் இருக்கும் என்று வாதிடுபவர்களுக்கு, ஜெர்மானியக் கணினி அறிவியலாளர் சீக்ஃப்ரீட் ரம்ப் 1988-இல் கொடுத்த எடுத்துக்காட்டைக் காட்டுவேன்:

333.75ஆ⁶ + அ²(11அ²ஆ² − ஆ⁶ − 121ஆ⁴ − 2) + 5.5ஆ⁸ + அ/(2ஆ), இங்கே அ = 77617, ஆ = 33096.

ஐபிஎம் 370 கணினியில் ஒற்றைத் துல்லியம், இரட்டைத் துல்லியம், நீட்டித்த துல்லியம் மூன்றிலும் 1.1726… என்றே வந்தது. மூன்றும் ஒத்துப்போகின்றன, மூன்றும் தவறு. சரியான விடை −0.8273960599… குறியே மாறிவிட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் இயற்கணிதத்தில் அ² = 5.5ஆ² + 1 என்ற உறவு இருக்கிறது. அதனால் பெரிய உறுப்புகள் எல்லாம் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, −2 + அ/(2ஆ) மட்டும் எஞ்ச வேண்டும். அ/(2ஆ)-வின் மதிப்புதான் அந்த 1.1726. அதாவது, இயந்திரம் தொலைத்தது அந்த −2-ஐ. இடையில் வரும் 5.5ஆ⁸ என்பது 7.9 × 10³⁶, அதாவது 37 இலக்க எண். அதன் பக்கத்தில் 2 என்பது கண்ணுக்கே தெரியாது. இன்றைய கணினிகளின் இரட்டைத் துல்லியத்தில் இதே கோவை பெரும்பாலும் 10²¹ அளவிலான வெற்று எண்ணைத் தரும். ஒருவகையில் அது மேல், பார்த்தவுடனே சந்தேகம் வருமே. பின்ன எண்களாகவே கணக்கிட்டால் ஒரு நொடியில் சரியான விடை வந்துவிடுகிறது. துல்லியத்தை ஏற்றிச் சோதிப்பதானால் 16-இலிருந்து 20-க்குப் போகாதீர்கள். இரட்டிப்பாக்குங்கள், பிறகு மறுபடியும் இரட்டிப்பாக்குங்கள்.

அறிகுறி: முடிவிலி வருகிறது, அல்லது 'நேன்' ('எண் அல்ல' என்னும் குறி) வருகிறது

இரட்டைத் துல்லியத்தின் உச்சவரம்பு ஏறத்தாழ 1.8 × 10³⁰⁸. எக்ஸ்ப்(709) அதற்குள் அடங்கும், எக்ஸ்ப்(710) வழிந்துவிடும். 170-இன் காரணியப் பெருக்கம் அடங்கும், 171-உடையது அடங்காது. கேட்க வேண்டிய கேள்வி: வழிந்தது விடையா, நடுவில் வந்த எண்ணா? 1000 பொருள்களில் 500-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை 2.7 × 10²⁹⁹, வரம்புக்குள்தான் இருக்கிறது. 1000-இன் காரணியப் பெருக்கம் வழியாகப் போனால்தான் முடிவிலியை முடிவிலியால் வகுக்க நேர்ந்து 'நேன்' வருகிறது. காரணியப் பெருக்கத்தின் பொதுவடிவமான காமா சார்பின் மடக்கையை நேரடியாகத் தரும் சார்பு எல்லா மென்பொருளிலும் உண்டு. மடக்கையில் கழித்துவிட்டுக் கடைசியில் அடுக்கேற்றுங்கள். அதேபோல லாக்(1 + எக்ஸ்ப்(க)) என்பது க = 1000 எனும்போது முடிவிலி தரும், சரியான விடை 1000. க மிகையாக இருந்தால் க + லாக்(1 + எக்ஸ்ப்(−க)) என்று மாற்றி எழுதுங்கள். அந்த லாக்குக்கு மேலே சொன்ன 'லாக்-ஒன்-பி'யைப் பயன்படுத்துங்கள்.

'நேன்' முதலில் தோன்றிய வரியைப் பிடிப்பதுதான் வேலை. அது 0/0, ∞ − ∞, 0 × ∞ போன்றவற்றில் பிறந்து, பிறகு தொட்டதையெல்லாம் நேன் ஆக்கிவிடும். தனக்குத் தானே சமமில்லாத எண் அது, எனவே சமக்குறியால் தேடினால் அகப்படாது. அதற்கென்று உள்ள சோதனைச் சார்பைப் பயன்படுத்துங்கள். மேட்லாபின் 'மேக்ஸ்' வழக்கமாக நேனைத் தாண்டிப் போய்விடும், நம்பையின் 'மேக்ஸ்' அதையே விடையாகத் தரும். ஒரே தரவுக்கு இரண்டிலும் வேறு உச்சம் வந்தால் இதுவாக இருக்கலாம்.

அறிகுறி: மெய்யெண் வர வேண்டிய இடத்தில் கலப்பெண் வருகிறது

−8-இன் கனமூலம் −2 என்று பள்ளியில் படித்தோம். −8-ஐ அடைப்புக்குறிக்குள் வைத்து 1/3 அடுக்கேற்றினால் பைத்தான், மேட்லாப், மேத்தமேட்டிகா மூன்றும் 1 + 1.732 கற்பனை அலகு என்ற கலப்பெண்ணைத் தரும். மூன்று கனமூலங்களில் முதன்மை மதிப்பு என்று கணிதம் வரையறுப்பது அதைத்தான். நம்பையில் மெய்யெண்ணாகக் கொடுத்தால் நேன் வரும். பைத்தானில் அடைப்புக்குறியை விட்டுவிட்டால் −2.0 வரும், ஆனால் அது 8-இன் கனமூலத்துக்குக் கழித்தல் குறி போட்டது, தற்செயலாகப் பொருந்தியது. அதை நம்பி மாறிக்கு மாற்றினால் மறுபடியும் கலப்பெண் வந்து நிற்கும். மெய்மூலம் வேண்டுமானால் மேட்லாபில் 'என்த்-ரூட்', மேப்பிளிலும் மேத்தமேட்டிகாவிலும் 'சர்ட்', நம்பையில் 'சிபிஆர்டி'.

அறிகுறி: இரண்டு மென்பொருள்களில் இரண்டு விடைகள்

நீள்வட்டத் தொகையீடு ஒன்றை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி எழுதியபோது, ஒன்றில் 1.85407, மற்றொன்றில் 1.68575 என்று வந்தது. இரண்டுக்கும் கொடுத்தது 0.5 தான். சூத்திரத்தை வரிவரியாகச் சோதித்து அரை நாள் போன பிறகுதான், பிழை எந்த வரியிலும் இல்லை என்று தெரிந்தது. மேத்தமேட்டிகா, மேட்லாப், பைத்தானின் அறிவியல் நூலகமான சைபை மூன்றும் அந்தச் சார்புக்குள் போகும் எண்ணை, தொகையில் சைன்² உடன் நேரடியாகப் பெருக வேண்டிய கெழுவாக எடுத்துக்கொள்கின்றன. மேப்பிளோ அதை வர்க்கப்படுத்திவிட்டுப் பெருக்குகிறது. மேப்பிளுக்கு 0.5-இன் வர்க்கமூலத்தைக் கொடுத்ததும் இரண்டும் கடைசி இலக்கம்வரை ஒன்றாயின. அன்றிலிருந்து, சிறப்புச் சார்பு எதுவானாலும் ஆவணத்தில் உள்ள வரையறையை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

இப்படி வழக்கம் மாறும் இடங்கள் சில. சைன்(90) கேட்டு 0.894 வந்தால், பாகையை ரேடியனாக எடுத்திருக்கிறது. லாக் என்பது பைத்தானிலும் மேட்லாபிலும் இயல் மடக்கை, எக்செல்லில் 10 அடிமான மடக்கை. இரண்டு மாறி கொண்ட ஆர்க்டேன் சார்பில் எக்செல்லும் மேத்தமேட்டிகாவும் கிடை அச்சின் மதிப்பை முதலில் கேட்கின்றன, பைத்தானும் மேட்லாபும் நிலை அச்சை. சின்க் (சைன் க / க) சார்பில் நம்பையும் மேட்லாபும் உள்ளே பையைப் பெருக்குகின்றன, மேத்தமேட்டிகா பெருக்குவதில்லை. −2^2 என்று எக்செல்லில் எழுதினால் 4, மற்றவற்றில் −4. பைத்தானில் அந்தத் தொப்பிக் குறி அடுக்கையே குறிக்காது. 2^3 என்றால் 1 வரும்.

அறிகுறி: மிகப் பெரிய எண்ணின் சைன் ஒவ்வொரு முறையும் மாறுகிறது

10²² ரேடியனின் சைன் −0.85220084976… இந்த எண் இரட்டைத் துல்லியத்தில் பிசகின்றி அடங்குவதால், நல்ல நூலகம் எதுவும் இதைச் சரியாகவே தரும். ஆனால் அதற்கு அடுத்த இரட்டைத் துல்லிய எண் 20,97,152 தள்ளி இருக்கிறது. அந்த ஒரு படிக்குள் வட்டம் மூன்று லட்சத்து முப்பதாயிரம் முறைக்கு மேல் சுற்றிவிடும். உங்கள் 10²² ஏதோ ஓர் அளவீட்டிலிருந்தோ பெருக்கலிலிருந்தோ வந்திருந்தால், அதன் சைனுக்குப் பொருளே கிடையாது. இங்கே சூத்திரத்தை மாற்றியும் பயனில்லை, மென்பொருளை மாற்றியும் பயனில்லை. கோணத்தைச் சுற்று எண்ணிக்கையாகவும் மிச்சக் கோணமாகவும் தொடக்கத்திலிருந்தே பிரித்து வைத்திருக்க வேண்டும்.

அறிகுறி: தொகையீடு பூஜ்ஜியம் என்கிறது, பிழை மதிப்பீடும் பூஜ்ஜியம் என்கிறது

க பூஜ்ஜியம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் 1, மேலே இருந்தால் 0 என்று ஒரு படிச் சார்பு. இதை −1-இலிருந்து 1 வரை சைபையின் 'குவாட்' மூலம் தொகையிட்டால் 1.0 வரும், சரி. −1-இலிருந்து 10,000 வரை தொகையிட்டால் விடை 0.0, பிழை 0.0. இடைவெளியில் 21 புள்ளிகளை எடுத்துப் பார்ப்பது அதன் முறை. இவ்வளவு நீண்ட இடைவெளியில் இடதுகோடிப் புள்ளியே ஏறத்தாழ 20.7-இல் விழுகிறது. 21 இடங்களிலும் பூஜ்ஜியம், எனவே எங்கும் பூஜ்ஜியம் என்று அது முடிவு செய்கிறது. பார்த்த இடங்களைப் பற்றி அது சொன்னது உண்மை. பார்க்காத இடத்தில்தான் சார்பு முழுவதும் இருந்தது.

சார்பு எங்கே உயர்கிறது, எங்கே உடைகிறது என்பது உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. உடையும் இடத்தில் தொகையை இரண்டாகப் பிரியுங்கள், அல்லது 'பாயின்ட்ஸ்' என்ற கூடுதல் உள்ளீட்டில் அந்த இடத்தைச் சொல்லிவிடுங்கள். கூர்மையான உச்சம் கொண்ட சார்புகளுக்கும் இதுவே வழி. மேட்லாபின் 'இன்டெக்ரல்' கட்டளையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அது புள்ளிகளை வரிசையாக மொத்தமாக அனுப்பும். உங்கள் சார்பில் உறுப்புவாரிப் பெருக்கலுக்கான புள்ளிக் குறி (.) விட்டுப்போயிருந்தால் அணிப் பெருக்கலாக நினைத்துப் பிழை தரும்.

எந்த அறிகுறியிலும் அடங்கவில்லை என்றால்

உள்ளீட்டின் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி மறுபடி கணக்கிடுங்கள். விடை பெரிதாக ஆடினால், சார்பே அந்த இடத்தில் உணர்திறன் மிக்கது. அல்லது சூத்திரம் அப்படி ஆக்கியிருக்கிறது. அதிதுல்லியத்திலும் அதே அளவு ஆடினால் சார்பின் இயல்பு, அங்கே ஆட்டம் அடங்கிவிட்டால் சூத்திரத்தின் குற்றம். உறுதியான எல்லை வேண்டுமென்றால் இடைவெளிக் கணிதம் இருக்கிறது: மேட்லாபுக்கு ரம்ப் எழுதிய இன்ட்லாப், சி மொழியில் ஃபிளின்ட் நூலகத்தில் இப்போது சேர்ந்துவிட்ட ஆர்ப். இவை விடையோடு அதன் தவறு எவ்வளவுக்குள் அடங்கும் என்பதையும் தருகின்றன. ரம்பின் கோவையைக் குறைந்த துல்லியத்தில் கொடுத்தால், மிக அகலமான ஓர் இடைவெளியைத் தந்து, ஒரு இலக்கமும் தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும்.

பிறகும் பிடிபடாமல் வேறொருவரிடம் கேட்கப் போகிறீர்கள் என்றால், தவறு தெரியும் அந்த ஒற்றைப் புள்ளி, 17 இலக்கங்களில் உள்ளீடு, வந்த விடை, எதிர்பார்த்த விடை, எதிர்பார்ப்புக்கு ஆதாரம், மென்பொருளின் பதிப்பு எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.